செம்மொழியை அனுப்புவதற்கில்லை, அக்கா

பூதலூர் பக்கம்,
ஐப்பசி மாதம்.

பேரன்பும் பெருமதிப்பும் உடைய அக்கா இசைவாணி அவர்களுக்கும் மாமா மருதையன் அவர்களுக்கும் தம்பி அன்பரசன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்சமும் குழந்தை செம்மொழியும் சுகம். வாய்க்காலில் தண்ணீர் வருகிறது. சம்பா நட்டாகிவிட்டது. களை மட்டும் யாரையும் கேட்காமல் வளர்கிறது. கோயம்புத்தூரில் உங்கள் சுகத்தையும் மாமாவின் முழங்கால் சுகத்தையும் அறிய ஆவல். போனில் சொல்லாமல் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீங்கள் மூன்று முடித்துவிடுகிறீர்கள். கடிதத்தில் உங்களுக்கு அந்த வசதி இல்லை.

விஷயம் இதுதான். குழந்தைக்கு அங்கே விடுதியோடு ஒரு சிறப்புப் பள்ளி பார்த்து வைத்திருப்பதாகவும், தீபாவளிக்கு வந்து கையோடு அழைத்துப் போவதாகவும் சொன்னீர்கள். உங்கள் நல்ல மனசு எனக்குத் தெரியாதா? ஆனாலும் இந்தத் தீபாவளிக்கு நீங்கள் வர வேண்டாம் அக்கா. கோபப்படாமல் மேலே படியுங்கள்.

ஆறு வயதாகியும் ஒரு சொல் பேசாத பிள்ளைக்குச் செம்மொழி என்று பெயர் வைத்தவன் நான். ஊரில் யாரும் முகத்துக்கு நேரே சிரிக்கவில்லை, அந்த மட்டில் நல்லவர்கள். ஜூன் மாதம் அவளை நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப்போனேன். உள்ளே நுழைந்ததும் மணி அடித்தது. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தலைமையாசிரியையின் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டாள். வெளியே அழைக்கக் குனிந்து உள்ளே போன நானும் அங்கேயே மாட்டிக்கொண்டேன். மீதிப் பேச்சு முழுவதும் மேஜைக்கு அடியிலிருந்தே நடந்தது. அந்த அம்மா நல்லவர். குனிந்து பார்த்துச் சொன்னார்: “சேத்துக்க மாட்டேன்னு சொல்லலங்க. இந்தப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக் குடுக்கறதுன்னு எனக்குத் தெரியல. வட்டார வள மையத்துல சிறப்பாசிரியர் இருக்காங்க. போய்ப் பாருங்க.”

போனேன். பூதலூரில் இறங்கி வள மையம் எங்கே என்று கேட்டதும், என் காலில் இருந்த சேற்றைப் பார்த்த ஒரு புண்ணியவான் வேளாண்மை அலுவலகத்தைக் காட்டிவிட்டார். வரிசையில் நின்றேன். அலுவலர் தலை நிமிராமல், “வளர்ச்சி எப்படி இருக்கு?” என்றார். “வளர்த்தி நல்லாருக்கு சார், பேச்சுதான் வரல” என்றேன். “எதுக்குப் பேச்சு வரல?” “செம்மொழிக்கு சார்.” அவர் பக்கத்து மேஜைக்காரரிடம் திரும்பி, “செம்மொழின்னு புது ரகம் ஏதாச்சும் வந்திருக்கா?” என்று கேட்டார். நல்ல வேளையாக அந்தப் பக்கத்து மேஜைக்காரருக்கு விஷயம் புரிந்து, அடுத்த தெருவில் இருந்த வள மையத்துக்கு வழி சொன்னார்.

அங்கேதான் தஹ்மீனா டீச்சரைப் பார்த்தேன். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்றே படித்த சிறப்பாசிரியர். நான் கை கூப்பிக்கொண்டு நின்றதைப் பார்த்து, “கையைக் கீழ போடுங்கண்ணே. பக்கத்துப் பள்ளிக்கூடத்துல படிக்கிறது அவ உரிமை. அதுக்கு நீங்க கெஞ்ச வேணாம்” என்றார். அக்கா, பிள்ளைக்காக இத்தனை வருஷம் கோயிலிலிருந்து ஆஸ்பத்திரி வரை போன இடமெல்லாம் கெஞ்சியே பழகிய எனக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. முதலில் மருத்துவர்கள் பார்க்க வேண்டும், எங்கள் பக்கத்து மருத்துவ முகாம் முடிந்துவிட்டது, வியாழக்கிழமை ஒரத்தநாட்டில் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்.

வியாழக்கிழமை மூன்று பேரும் பைக்கில் போனோம். முகாம் என்று எழுதிய பேனரைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தி வரிசையில் நின்றுவிட்டேன். முன்னால் ஓர் அம்மாள் இரண்டு ஆடுகளோடு நின்றார். பின்னால் பொன்னுத்தாய் என்பவர் ஒரு கன்றுக்குட்டியோடு நின்றார். இந்த ஊரில் ஆஸ்பத்திரிக்குக்கூட மாட்டை விட்டுப் பிரிய மாட்டார்கள் போலும் என்று நான் வியந்துகொண்டிருக்கும்போதே முறை வந்துவிட்டது. மருத்துவர், “உங்க மாடு எங்க?” என்றார். அம்சம் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. நாங்கள் போக வேண்டிய முகாம் தெருக்கோடிப் பள்ளிக்கூடத்தில்!

ஆனால் செம்மொழி நகர மறுத்துவிட்டாள். யார் தொட்டாலும் சுருங்கிப்போகிற பிள்ளை, அந்தக் கன்றின் கழுத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்கிறாள். கூட்டமும் சத்தமும் அவளுக்கு இல்லவே இல்லை. பிரித்தால் அலறுவாள் என்று நாங்கள் தவித்தபோது பொன்னுத்தாய், “அதுக்கென்ன, கன்னு வந்தா பிள்ளையும் வருமுல்ல” என்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். கன்று, பிள்ளை, அம்சம், பைக்கைத் தள்ளிக்கொண்டு நான் என்று ஊர்வலமாகப் போய்ச் சேர்ந்தோம். அவர் தன் முறையை விட்டுவிட்டு வாசலிலேயே காத்திருந்தார்.

மருத்துவர் அவளோடு தரையில் உட்கார்ந்து வெகுநேரம் விளையாடிப் பார்த்துவிட்டு, ஆட்டிசம் என்றார். அப்போதுதான் ஆடுகள் நடுவே நின்றுவிட்டு வந்தவனாதலால், “வரிசையில ஆடு இருந்தது நெசந்தான் சார், ஆனா அவ ஆட்டைத் தொடவே இல்ல” என்றேன். அவர் சிரிக்கவில்லை. பொறுமையாக விளக்கினார். இது நோயல்ல, அவள் மூளை உலகத்தை வேறு விதமாக வாங்கிக்கொள்கிறது, பழக்கினால் நிறையக் கற்றுக்கொள்வாள் என்றார். பிறகு, “இது யாரு தப்பும் இல்ல” என்றார்.

அம்சம், “இன்னொரு தடவ சொல்லுங்க டாக்டர்” என்றாள்.

சொன்னார். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கர்ப்பத்தில் கிரகணம் பார்த்தாள், பிள்ளை கையில் போனைக் கொடுத்தாள் என்று ஆளாளுக்குச் சொன்னதையெல்லாம் இத்தனை நாள் அவள் சுமந்திருக்கிறாள். எனக்குத் தெரியாமல் போயிற்றே அக்கா.

இப்போது செம்மொழி பள்ளிக்கூடம் போகிறாள். தஹ்மீனா டீச்சர் வந்து, வாசல் பக்கமாக அவளுக்கு ஓர் இடம் பார்த்துக் கொடுத்தார். மணி அடிப்பதற்கு முன்னால் தலைமையாசிரியையே வந்து ஜாடை காட்டுகிறார். இவள் காதைப் பொத்திக்கொள்கிறாள். கூட இருக்கிற பிள்ளைகளும் துணைக்குப் பொத்திக்கொள்கின்றன. சனிக்கிழமைகளில் வள மையத்தில் பேச்சுப் பயிற்சி. தண்ணீர், சோறு, வீடு, போதும் என்று படம் போட்ட அட்டைகள் கொடுத்திருக்கிறார்கள். வேண்டியதை எடுத்துக் காட்ட வேண்டும். பயிற்சி அவளுக்கு மட்டுமல்ல. “நீங்க ஒரே மூச்சுல பேசறீங்கண்ணே. ரெண்டு வார்த்தையா பேசுங்க, அவளுக்கு இடம் குடுங்க” என்று எனக்கும் உத்தரவு. நம் வம்சத்துக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும்.

போன வாரம் சாப்பாடு ஊட்டிக்கொண்டே வழக்கம்போல நீளமாகப் பேசிக்கொண்டிருந்தேன். செம்மொழி எழுந்துபோய், அட்டைகளைப் புரட்டி, ஒன்றை எடுத்து வந்து என் கையில் வைத்தாள். ‘போதும்.’ சோறா, பேச்சா என்று தெரியவில்லை. வாயை மூடினேன். அவள் மறுபடி உட்கார்ந்து வாயைத் திறந்தாள். பேச்சுதான். என் மகள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அக்கா. அந்த அட்டையை எடுத்துக்கொண்டு தெருக்கோடி வரை ஓடினேன். “புள்ள என்னைய வாய மூடச் சொல்லிருச்சு!” என்று எல்லாரிடமும் காட்டினேன்.

ஆகையால் அவளை அனுப்புவதற்கில்லை. கோயம்புத்தூர்ப் பள்ளி நல்ல பள்ளியாகவே இருக்கும். ஆனால் சாயந்திரம் அவள் எங்கள் வீட்டுக்கு அல்லவா வர வேண்டும்? நீங்கள் வந்து, அழுது, கேட்டால் எனக்கு மறுக்கத் தெரியாது. அதனால்தான் வர வேண்டாம் என்கிறேன்.

மாமாவின் காலுக்கு என் வணக்கம், முழங்காலுக்குத் தனி வணக்கம். காவிரி கடைமடைக்கும் போய்ச் சேர்வதுபோல எல்லா நலமும் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேரட்டும்.

என்றும் உங்கள் ஆசியை நாடும் தம்பி,
அன்பரசன்

பின்குறிப்பு: அம்சம் இதைப் படித்துவிட்டுத் திட்டுகிறாள். “கூடப் பொறந்த அக்காவ வராதீங்கன்னு எழுதுவாங்களா? வரட்டும். பிள்ளைய விட மாட்டேன்னு நானே சொல்லிக்கிறேன். எனக்கு மறுக்கத் தெரியும்” என்கிறாள். ஆகவே மேலே வர வேண்டாம் என்று எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். அவசியம் வாருங்கள். வந்ததும் செம்மொழியைத் தூக்காதீர்கள், கன்னத்தைக் கிள்ளாதீர்கள், பேசு பேசு என்று சொல்லாதீர்கள். பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருங்கள். அவளாகவே வந்து ஒட்டி உட்காருவாள். அதற்குக் கொஞ்சம் நாளாகும். லீவைக் கூடுதலாகவே போட்டுக்கொண்டு வாருங்கள்.