பென் கோரக் மலைக்குப் பதினான்கு பக்கத் திட்டம்

ஆர்ட்னஷீ,
செப்டம்பர் 5, வெள்ளிக்கிழமை.

அன்புத் தங்கை யூனாவுக்கு அண்ணன் டோர்க்கில் ஆசிகளுடன் எழுதுவது. இங்கே நானும் நாயும் நலம். மழையும் குறைவின்றி நலமாக இருக்கிறது. அபர்டீனில் நீ அறுபத்தைந்து வயதிலும் ஞாயிறுதோறும் ஏதாவது ஒரு மலையில் தொற்றிக்கொண்டு திரிகிறாயாமே, வீட்டில் வேலை இல்லையா? அது கிடக்கட்டும், என் தலைவலியைக் கேள்.

எடின்பரோவில் நாற்பது வருடம் பல் பிடுங்கி ஓய்வுபெற்று, நம் பழைய பள்ளிக்கூடத்தை விலைக்கு வாங்கிக் குடிவந்திருக்கிறாரே டல்க்ளீஷ் என்ற மகானுபாவர், அவருக்கு இப்போது பென் கோரக் மேல் ஏறவேண்டுமாம். ஏறித் தொலையட்டும், யார் வேண்டாம் என்றது? காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் வீட்டில் தேநீர் குடிக்கலாம். இந்த ஒருநாள் காரியத்துக்கு ஊர்க் கூடத்தில் ஐந்து வியாழக்கிழமைகளாகக் கூட்டம் நடக்கிறது. பதினான்கு பக்கத்தில் திட்டம், நனையாமலிருக்க பிளாஸ்டிக் உறை போட்டு ஆளுக்கொரு பிரதி. ஏழு நாற்பதுக்குப் புறப்பாடு, பத்து ஐந்துக்கு முதல் பிஸ்கட், பதினொன்று இருபதிலிருந்து பதினொன்று நாற்பத்தைந்து வரை உச்சியில் ‘காட்சியை ரசித்தல்’. அந்த உச்சியில் நிற்பவனுக்குத் தன் பூட்ஸே கண்ணுக்குத் தெரியாது, மேகம் அப்படிக் கவிந்து கிடக்கும். இவர் இருபத்தைந்து நிமிடம் ரசிக்கப் போகிறாராம்! கொண்டுவர வேண்டிய சாமான்களில் திசைகாட்டி, விசில் எல்லாம் சரி, பதினெட்டாவதாகப் பல் துலக்கும் பிரஷ் என்று போட்டிருக்கிறார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தேய்ப்பதற்காம்.

நேற்று நடந்த கூத்துதான் உச்சம். ஒன்பது நாள் தள்ளி வரப்போகிற சனிக்கிழமைக்கு மூன்று வானிலைக் கணிப்புகளை அச்சடித்துக் கொண்டுவந்தார். ஒன்று மழை என்றது, ஒன்று கனமழை என்றது, மூன்றாவது இடையிடையே வெயில் என்றது. வாக்கெடுப்பு நடத்தினார்கள், யூனா! ஏழுக்கு நான்கு என்று வெயில் ஜெயித்தது. எதிர்த்துக் கை தூக்கிய நாங்கள் நால்வரும் பிறந்ததிலிருந்து இங்கேயே நனைகிறவர்கள். அடுத்தது சாண்ட்விச்.

“முட்டை மட்டும் வேண்டாமே. பையில கிடந்து நாறும்” என்றார் டல்க்ளீஷ்.

கடைக்கார வில்மா விடுவாளா? “உங்க வெள்ளரிக்கா சாண்ட்விச்ச போன மாசம் ஆடுகூட மோந்து பாத்துட்டுப் போயிடுச்சு டாக்டர். முட்டைதான். வேணாங்கறவங்க பட்டினி கிடங்க.”

இதற்கு முக்கால் மணி நேரம். அதற்கப்புறம் யார் வழிகாட்டி என்ற பேச்சு வந்தது. முப்பத்தொரு வருடம் இந்த ஊரில் தபால் சுமந்து நடந்தவன் என்பதால் எல்லாருடைய கண்ணும் என்மேல் விழுந்தது. மறுத்திருப்பேன், அதற்குள் வில்மா, “நம்ம டோர்க்கில் பதினாறு வயசுலயே சின்னத் தங்கச்சியையும் இழுத்துக்கிட்டு உச்சிக்குப் போனவன்ப்பா” என்று எடுத்துவிட்டாள். ஊரறிந்த விஷயம் என்பதால் நானும் தலையை ஆட்டிவைத்தேன். ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறிவிட்டது.

“டோர்க்கில், பத்தாம் பக்கத்துல எனக்கு ஒரு சந்தேகம்” என்று டல்க்ளீஷ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். “கெட்டபடின்னு ஒரு பாறை இருக்காமே, கால எட்டி வச்சுத் தாண்டணுமாம், கீழ பாத்தா ஒண்ணுமே இல்லையாம். அதை இடது பக்கமா தாண்டணுமா, வலது பக்கமாவா?”

“அது காத்தைப் பொறுத்தது” என்றேன்.

மற்ற பத்துப் பேரும் அதைப் பயபக்தியோடு எழுதிக்கொண்டார்கள். வில்மா அடிக்கோடு வேறு போட்டாள். இந்த அறிவாளிகளை மேய்த்துக்கொண்டு நான் மலை ஏற வேண்டுமா, சொல்லு.

ஆகவே நீ உடனே ஒரு கடிதம் போடு. உடம்பு சரியில்லை, அண்ணன் அடுத்த வெள்ளிக்கிழமையே புறப்பட்டு வரவேண்டும் என்று எழுது. என்ன வியாதி என்பது உன் இஷ்டம். தொற்றும் வியாதியாக இருந்தால் உத்தமம், திங்கள் வரை அங்கேயே தங்கலாம். பயம் என்று மட்டும் நினைத்துவிடாதே. அந்த மலை எனக்கு வீட்டு மாடிப்படி மாதிரி. கூட வருகிற கும்பலைத்தான் சகிக்க முடியவில்லை.

உன் வீட்டுக்காரரை விசாரித்ததாகச் சொல். ஆண்டவன் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் நனையாத காலுறைகளும் அருளட்டும்.

இப்படிக்கு,
மலையறிந்த அண்ணன்,
டோர்க்கில் மக்ரே.

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். சற்றுமுன் டல்க்ளீஷ் மழையில் நனைந்துகொண்டு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. “வெளிய சொல்லிடாதீங்க டோர்க்கில். எனக்கு உயரம்னாலே கை கால் உதறும். தூக்கம் வராமத்தான் அந்தப் பதினாலு பக்கத்தையும் எழுதினேன். எழுபது வயசாச்சு, ஒரு தடவையாவது ஏறிப் பாத்துடணும். நீங்க முன்னாடி போறீங்கங்கற தைரியத்துலதான் வர்றேன்” என்றார். நன்றிக்கு அடையாளமாக ஒரு புது பிரஷைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதை மேசையில் வைத்துவிட்டுத்தான் இந்த உறையைப் பிரித்தேன். வெட்கமாக இருக்கிறது, யூனா. அன்றைக்குக் கெட்டபடிக்கு இந்தப் பக்கம் நான் பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். பதின்மூன்று வயது நீ தனியாகத் தாண்டிப்போய் உச்சிக்கல்லைத் தொட்டுவிட்டு வந்தாய். வீட்டுக்கு வந்து அப்பாவிடம், “அண்ணன்தாம்ப்பா கையப் பிடிச்சு ஏத்திவிட்டான்” என்றாய். ஐம்பத்திரண்டு வருடத்தில் ஒருநாள்கூட நீ அதைச் சொல்லிக்காட்டியதில்லை. நான்தான் அதை வைத்து ஊரில் காலந்தள்ளிக்கொண்டிருக்கிறேன்.

நீ நோயில் விழ வேண்டாம். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வந்துவிடு. சனிக்கிழமை நீ முன்னால் போ, நானும் பல் டாக்டரும் உன் பின்னால் வருகிறோம்.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் மறுபடி கேட்பார்கள்: அது இடது பக்கமா, வலது பக்கமா? பதிலை அஞ்சலட்டையில் எழுதிவிடாதே, உறையில் போட்டு நன்றாக ஒட்டு. அட்டை என்றால் தபால்காரன் படிப்பான். முப்பத்தொரு வருடம் நான் ஒன்றைக்கூட விட்டதில்லை.