ஒரே ஆள் பேனல்

திருவண்ணாமலையில் எங்களோடு எம்.பி.ஏ. படித்தவர்களில் பாதிப் பேரைப் பேசவைத்தவன் பேனல்தான். இதை எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் வந்து சொல்வேன். மீதிப் பாதியை அழவைத்தவனும் அவனேதான்.

பெற்றவர்கள் வைத்த பெயர் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரில் இருந்தது. ஹாஸ்டலில் அதை யாரும் தொட்டதில்லை. மாதிரி இன்டர்வியூ நடத்துவதில் அவனுக்கு அப்படியொரு வெறி. ஒரே ஆள் மூன்று அதிகாரிகள் உட்கார்ந்த இன்டர்வியூ பேனலாக மாறுவான். இடது பக்கம் சாய்ந்தால் சாந்தமான சார். நிமிர்ந்து உட்கார்ந்தால் கடுகடு சார். வலது பக்கம் திரும்பினால் ஒன்றுமே கேட்காமல் போனையே பார்க்கிற சார். அந்த மூன்றாமவரிடம்தான் நாங்கள் எல்லோரும் உளறிக்கொட்டினோம். காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தால் பின்னால் வந்து நின்று, "அஞ்சு வருஷம் கழிச்சு உங்கள எங்க பாக்குறீங்க?" என்பான். வாய் நிறைய நுரையை வைத்துக்கொண்டு என்னத்தைச் சொல்வது!

அவனும் எங்களோடு படிக்கிறவன், அவனுக்கும் வேலை கிடைத்தாக வேண்டும் என்பது எங்களுக்கே அடிக்கடி மறந்துபோகும்.

கடைசி செமஸ்டர் வந்தது. பயம் என்றால் அப்படியொரு பயம். ஒரு பக்கம் நிதி மேலாண்மைப் பரீட்சை, இன்னொரு பக்கம் புராஜெக்ட் ரிப்போர்ட், நடுவில் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள், போகிறார்கள். ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் ரெஸ்யூமைக் கையால் மறைத்துக்கொண்டு டைப் அடித்தார்கள். என் அப்பா ஊரில் நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருந்தார். தினமும் போனில், "சாப்டியா?" என்று மட்டும் கேட்பார். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை வராது. அவர் கேட்காமல் இருக்க இருக்க நான் இன்னும் நாலு கம்பெனிக்கு ரெஸ்யூம் அனுப்புவேன்.

"படிப்பு, ஃப்ரெண்ட்ஷிப், வேலை, மூணுக்கும் தனித்தனியா டைம் கெடையாது மச்சான். மூணையும் ஒரே நடையில முடிச்சிடலாம். கிரிவலம் போலாம் வா" என்றான் பேனல்.

விடியற்காலையில் செருப்பில்லாமல் கிளம்புவோம். கிரிவலப் பாதையில் எட்டு லிங்கம். ஒவ்வொரு லிங்கத்துக்கும் ஒரு கேள்வி என்று பிரித்து வைத்திருந்தான். இந்திர லிங்கத்தில், 'உங்களைப் பத்திச் சொல்லுங்க.' எம லிங்கத்தில், 'உங்கள நாங்க ஏன் எடுக்கணும்?' குபேர லிங்கத்தில் சம்பள எதிர்பார்ப்பு. அங்கே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் பதில் சொல்லவேண்டும் என்று கண்டிஷன். லிங்கத்துக்கும் லிங்கத்துக்கும் நடுவில் பரீட்சைப் பாடம்.

ஒருநாள் அடி அண்ணாமலை தாண்டும்போது கடுகடு சார் குரலில், "உங்க பலவீனம் இன்னா?" என்று உறுமினான். எங்கள் பின்னால் வந்துகொண்டிருந்த ஓர் அம்மா, "முட்டி வலிதாம்பா, காலைல கொஞ்சம் ஜாஸ்தி" என்றார். பேனல் திரும்பி, "நேர்மையான பதில். செலக்டட்" என்று அவருக்குக் கை கொடுத்தான். அந்த அம்மாவும் சந்தோஷமாகக் குலுக்கினார். எனக்குத்தான் எரிச்சலாக வந்தது.

வேலை கிடைக்காதவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருந்தான். வேலை கிடைத்தவன் பத்து நிமிஷத்துக்குள் வெளியேறிவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்றவர்களுக்கு ராசி கெட்டுவிடும் என்பது சட்டம். ஒவ்வொருவனாக வெளியேறினான். ஒவ்வொரு தடவையும் போன் அதிரும்போது வாழ்த்துச் சொல்லிவிட்டு, பாத்ரூமில் போய் நின்றுகொள்வேன். கடைசியில் குரூப்பில் மிஞ்சியது நானும் அவனும். அப்போதும் விடவில்லை. பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டே, 'அனைவரும் கவனிக்கவும்' என்று மெசேஜ் போடுவான்.

கடைசியாக ஒரு கம்பெனி வந்தது. தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்கிற வேலை, சென்னையில். ஒரே ஒரு இடம். எங்கள் இருவரையும் கூப்பிட்டிருந்தார்கள்.

முதலில் நான். உள்ளே இரண்டு அதிகாரிகள். நாற்காலியைக் காட்டினார்கள், உட்கார்ந்தேன். "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றார் பெரியவர். அவ்வளவுதான், தலைக்குள் ஒன்றுமே இல்லை! நாலு மாதமாக நடந்துகொண்டே மனப்பாடம் செய்த பதில் உட்கார்ந்தால் எப்படி வரும்? கால் மட்டும் மேஜைக்கடியில் துடித்தது. அப்பாவின் 'சாப்டியா' காதில் கேட்டது.

"சார், நடந்துகிட்டே சொல்லட்டுங்களா?"

அவர்கள் முழிப்பதற்குள் எழுந்துவிட்டேன். மேஜையை வலமாகச் சுற்ற ஆரம்பித்தேன். பதில் அருவி மாதிரி கொட்டியது. அதிகாரிகள் இருவரும் நாற்காலியோடு என்னைத் தொடர்ந்து திரும்பினார்கள். மூன்றாவது சுற்றில், "எவ்ளோ சம்பளம் எதிர்பாக்குறீங்க?" என்றார் பெரியவர். என் கால் தானாக நின்றது. கை தானாகக் கும்பிட்டது. சின்னவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

அடுத்து பேனல் போனான். ஊருக்கே சொல்லிக்கொடுத்தவன், ஊதித் தள்ளிவிடுவான் என்று நினைத்தேன். அவன் உள்ளே என்ன செய்தான் தெரியுமா? கேட்ட முதல் கேள்விக்கே, "சார், இதை இன்னும் கொஞ்சம் கடுமையா கேக்கணும். இப்டி கேட்டா யாரும் பயப்பட மாட்டாங்க" என்று திருத்தியிருக்கிறான். பாவி!

சாயங்காலம் வெளியே காத்திருந்த எங்கள் இருவரில் என்னை மட்டும் பெரியவர் கூப்பிட்டு, "எங்க வேலையில நாள் பூரா வீடு வீடா நடக்கணும். நீங்கதான் நடப்பீங்க" என்றார்.

எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. அப்பாவுக்கு மட்டும் போன் செய்தேன். அவர் மூக்கைச் சிந்துவது கேட்டது. பிறகு மெஸ் பின்னால் போய் உட்கார்ந்து போனையே பார்த்தேன். குரூப்பை விட்டு வெளியேற விரல் வரவில்லை. நான் போனால் அவன் ஒருத்தன்தானே அதில் இருப்பான்? பத்தாவது நிமிஷம் குரூப்பில் ஒரு வரி வந்தது. பேனல் என்னை நீக்கியிருந்தான்.

ரூமுக்கு ஓடினேன். கட்டில் காலி. அன்று மெஸ்ஸுக்கு வரவில்லை, மறுநாளும் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. வேலை கிடைத்து ஃப்ரெண்டைத் தொலைத்துவிட்டேனே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வார்டனிடம் சொல்லலாமா, அவன் வீட்டுக்குப் போகலாமா என்று தவித்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம், கசங்கிய சட்டையோடு வந்து நின்றான்.

"எங்கடா போய்த் தொலைஞ்ச? போனை எடுத்தா இன்னா?"

"சார்ஜ் இல்ல மச்சான். மெட்ராஸ் போயிருந்தேன். உன் ஆபீஸ் பக்கத்துல ரூம் பாத்துட்டு வந்தேன். நீ போனா எவனாவது ஏமாத்திடுவான். நல்ல ரூம்தான், தண்ணி வருது. வீட்டுக்காரன் ரெண்டு கட்டில் போட்டிருக்கான். ஒண்ணு எனக்கு. வேலை கிடைச்சதும் வந்துடுறேன்."

அவனைக் கட்டிப்பிடித்து அழுதேன். "அழுவுறது இன்டர்வியூல மைனஸ்டா" என்று அவனும் அழுதான்.

அவன் சென்னை வந்து சேர ஐந்து மாதம் ஆனது. அதுவரை அந்த இரண்டாவது கட்டிலில் நான் ஒரு துண்டைக்கூடப் போட்டதில்லை.