வீட்டுக்குள் வந்த எல்லைக் கயிறு

நெடுவயல் என்றொரு நாடு. அங்கே தொகுதிகளைக் காகிதத்தில் பிரிப்பதில்லை, கயிற்றால் பிரிப்பார்கள். ஒவ்வொரு தேர்தலுக்கும் முன்னால் ஆளும் கட்சியின் ஆட்கள் கட்டை அடித்து, தென்னங்கயிறு கட்டி, இந்தப் பக்கம் ஒரு தொகுதி, அந்தப் பக்கம் ஒரு தொகுதி என்று தமுக்கடித்துச் சொல்லிவிட்டுப் போவார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் வாழும் தெருக்களையெல்லாம் வளைத்து ஒரே கயிற்றுக்குள் அடைத்துவிட்டால், மற்ற தொகுதிகளில் தேர்தல் என்பது வெறும் சடங்குதான்.

கட்சிகள் இரண்டு. குடை, விசிறி. குடை ஆண்டபோது கயிறு உடும்பு போல் ஊர்ந்தது. விசிறி வந்தது; அதை அநீதி என்று முழங்கி அவிழ்த்தது; அதே கயிற்றை மண்புழு போல் கட்டியது.

செங்கமலத்தின் வீடு ஏரிக்கரைக்கு அடியில் இருந்தது. கணவன் மருதையன் விசிறிக்காரன். அதே வீட்டில் தங்கியிருந்த அவள் அண்ணன் காத்தான் குடைக்காரன். ஆகவே இந்த முறை கயிறு தலைவாசல் வழியாக நுழைந்து, இருவர் கட்டில்களுக்கும் நடுவே ஓடி, கொல்லை வழியாக வெளியேறி, ஏரிக்கரைமேல் ஏறிப் போயிற்று. செங்கமலம் சோற்றுப் பானையோடு வேளைக்கு வேளை காலைத் தூக்கித் தொகுதி தாண்டினாள்.

அவள் கவலை வேறு. கரையில் விரிசல் விட்டிருந்தது. கொல்லையில் ஈரம் ஏறிக்கொண்டிருந்தது. ஐப்பசி நெருங்கிவிட்டது.

"ரெண்டு பேரும் உங்க உங்க தொகுதி உறுப்பினர்கிட்டப் போய்ச் சொல்லுங்களேன்" என்றாள்.

"சொல்லலாம்" என்றான் மருதையன். "அதுக்கு முன்னால, உடும்புக் கோடு போட்டது யாருன்னு உன் அண்ணனைக் கேளு."

"மாப்ளே, உங்க மண்புழு மட்டும் ரொம்ப யோக்கியமோ?"

"ஆரம்பிச்சது நீங்கதானே மச்சான்?"

"ஆமாய்யா, ஆரம்பிச்சோம். பார்த்துக் கத்துக்கிட்டது யாரு?"

அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் தானே கிளம்பினாள். இரு உறுப்பினர்களும் தனித்தனியே வந்து பார்த்து, ஒரே பதிலைச் சொன்னார்கள். விரிசல் கயிற்றுக்கு நேர் கீழே இருக்கிறது. கயிற்றுக்குக் கீழே இருக்கும் மண் எந்தத் தொகுதிக்கும் சொந்தமில்லை.

பேரவைக்குப் போனாள். அங்கே அந்த ஆண்டுதான் புதுச் சட்டம் வந்திருந்தது: பணமும் பேச்சே. அவை நடுவில் பெரிய வெண்கலக் கொப்பரை வைத்திருந்தார்கள்.

"கரை உடையப்போகுதுங்க ஐயா" என்றாள்.

எல்லை அமைச்சர் புன்னகைத்தார். "அம்மையாரே, வாயால் பேசுவது பழைய முறை. கொப்பரையில் பேசுங்கள். ஏழைக்கும் செல்வந்தருக்கும் ஒரே கொப்பரை. இத்தகைய சமத்துவம் வேறெந்த நாட்டில் உண்டு?"

செங்கமலம் காதுத் தோடுகளைக் கழற்றிப் போட்டாள். மெல்லிய ஓர் ஒலி எழுந்து அடங்கியது. முன் வரிசைக்குக்கூட அது எட்டியதாகத் தெரியவில்லை.

அடுத்து வந்தவர் திருமேனியார். நாட்டின் ஒரே கயிற்று வணிகர். இரு கட்சிகளுக்கும் சமமாக நன்கொடை தரும் நடுநிலையாளர். கோடு எவ்வளவு வளைகிறதோ அவ்வளவு கயிறு விற்கும். அவர் வாயே திறக்கவில்லை. மூட்டையைத் தூக்கிக் கொப்பரையில் கவிழ்த்தார். அவை அதிர்ந்தது. அவர் மனம் உடனே எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

ஏரிக்கரைமேல் எல்லையை வலுப்படுத்த வேண்டும், இரட்டைக் கயிறு கட்ட வேண்டும், அடிக்கு ஒரு கட்டை அறைய வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. முடிச்சு ஒற்றையா இரட்டையா என்பதில் மட்டும் குடையும் விசிறியும் பொழுது சாயும்வரை மோதிக்கொண்டன. ஜனநாயகம் உயிரோடு இருப்பதற்கு இதுவே சான்று என்று பத்திரிகைகள் எழுதின.

விரிசலுக்குள்ளேயே கட்டைகளை அறைந்தார்கள்.

முதல் பெருமழையில், பட்டப்பகலில், கரை பிளந்தது. மேட்டுப் பாதையில் வந்துகொண்டிருந்த செங்கமலம் பார்த்தபோது வீட்டின் கூரை மட்டும் தெரிந்தது. முகட்டின் ஒரு முனையில் மருதையனும் மறுமுனையில் காத்தானும் உட்கார்ந்திருந்தார்கள்.

"உங்க ஆட்சியில அறைஞ்ச கட்டைதான் மாப்ளே கரையைப் பொளந்துச்சு!"

"அந்தத் தீர்மானத்துக்கு உங்க ஆளும் கை தூக்கினாருல்ல? தூக்கினாரா, இல்லையா?"

கரையில் மிச்சமிருந்த கட்டைகளிலிருந்து எல்லைக் கயிற்றை அவள் அவிழ்த்தாள். நகம் பெயர்ந்தது. ஒரு முனையைப் புளியமரத்தில் கட்டி மறுமுனையை வீசினாள்.

"ரெண்டு பேரும் வாயை மூடிட்டுக் கயித்தைப் பிடிங்க!"

பிடித்தார்கள். வாயை மூடவில்லை.

தண்ணீர் வடிவதற்கு முன்பே வழக்கு வந்தது. குற்றம்: நாட்டின் எல்லையைக் கலைத்தது. சாட்சிகள் இருவர்.

"இந்த அம்மையார் கயிற்றை அவிழ்த்தாரா?" என்றார் நீதிபதி.

மருதையன் நெஞ்சை நிமிர்த்தினான். "அவுத்தாங்க ஐயா. ஆனா ஒண்ணு. அது எங்க விசிறி ஆட்சியில கட்டின கயிறு. அதான் ரெண்டு ஆளைத் தாங்குச்சு."

"பொய்யிங்க ஐயா!" காத்தான் எழுந்தான். "விசிறி கட்டின புதுக் கயிறு வெள்ளத்தோட போயிருச்சு. என் தங்கச்சி அவுத்தது குடை ஆட்சியில வாங்கின பழைய கயிறு. நல்லாப் பார்த்தேன். அவ கையாலதான் அவுத்தா."

நீதிபதி நெகிழ்ந்துபோனார். "இரு கட்சியினரும் ஒரே உண்மையைச் சொல்லும் வழக்கை இந்நாடு இதுவரை கண்டதில்லை" என்று சொல்லி, செங்கமலத்துக்கு ஆயுள் முழுவதும் வாக்கு கிடையாது என்று தீர்ப்பளித்தார்.

"கரையை எப்ப கட்டுவீங்க?" என்று கேட்டாள் அவள்.

"வாக்கு இல்லாதவருக்குத் தொகுதி இல்லை. தொகுதி இல்லாதவரின் கேள்வியைக் குறித்துக்கொள்ள இங்கே வழி இல்லை."

வெளியே வந்தாள். பின்னால் இருவரும் அந்த நீதிபதியை நியமித்தது எந்தக் கட்சி என்று ஆரம்பித்திருந்தார்கள். நீதிமன்ற வாசலில் கயிறு எதுவும் இல்லை. ஆனாலும் செங்கமலம் சேலையைச் சற்றே உயர்த்தி, காலைத் தூக்கி வைத்துத் தாண்டினாள். அவள் தாண்டுவதைப் பார்த்து, பின்னால் வந்த இருவரும் தாண்டினார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் தாண்டினார்கள்.