ராவுத்தர் பண்ணையில் கோடைப் பயிற்சி

பினாங்குத் தீவுக்குக் கோடைகாலத்தைக் கொடுத்தவர்கள் நாங்கள்தான். கடவுள் இந்தத் தீவுக்கு வெயிலையும் கொடுத்தார், மழையையும் கொடுத்தார்; ஆனால் இரண்டையும் ஒரே நாளில் கொடுத்துவிட்டுக் காலங்களைப் பிரிக்க மறந்துபோனார். அந்தக் குறையை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் ஆண்டு, சூலியா தெருவில் ஒரு மளிகைக் கடையின் மாடியில், தமிழ் வாலிபர் அபிவிருத்திச் சபை ஏகமனதாகத் தீர்த்துவைத்தது. சபையின் கௌரவக் காரியதரிசி திருநாவுக்கரசு ஆகிய நான் இதைப் பொறுப்புடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

எங்கள் தலைவர் ஜனாப் முகம்மது சுல்தான் ராவுத்தர் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு படம் பார்த்தார். சீமைப் பிள்ளைகள் கோடை விடுமுறையில் நாட்டுப்புறத்துக் குதிரைப் பண்ணைகளுக்குப் போய்த் தங்கி வேலை பழகுகிறார்களாம். படத்தில் ஒரு வெள்ளைக்காரப் பையன் வாளியும் கையுமாகச் சிரித்துக்கொண்டிருந்தான். ராவுத்தருக்கும் அக்கரையில், சுங்கை பாக்காப் பக்கம் ஒரு குதிரைப் பண்ணை இருந்தது. வாளிகள் நிறைய இருந்தன. சிரிக்கப் பிள்ளைகள்தான் இல்லை.

"நம்ம பிள்ளைங்களும் முன்னேற வேணாமா?" என்று கூட்டத்தில் கேட்டார்.

பொருளாளர் ஜெயராஜுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யோசித்துவிட்டுப் பேசுவார்.

"அண்ணே, நமக்கு ஏது கோடை? ஸ்கூல் பெரிய லீவு டிசம்பர்லதான். அப்ப மழைலா."

"அப்படின்னா டிசம்பரைக் கோடைன்னு ஒரு தீர்மானம் போடுங்க."

"மழை பேஞ்சா?"

"அது கோடை மழை."

தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்து ஒருவரும் பேசவில்லை. அன்றைய தேநீரும் பலகாரமும் ராவுத்தர் உபயம்.

பண்ணையைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டும். ராவுத்தர் என்றாலே குதிரை வீரர் என்று பொருள். தம் முன்னோர் மதுரைச் சீமையில் குதிரைப்படை நடத்தியவர்கள் என்று தலைவர் அடிக்கடி சொல்வார். அவர் குதிரைமேல் ஏறி நாங்கள் பார்த்ததில்லை. மோட்டார் காரில்தான் ஏறுவார். ஆனால் பந்தய மைதானத்தில் துரைமார் பக்கத்தில் நிற்க வேண்டுமென்றால் ஒருவருக்குக் குதிரை இருந்தாக வேண்டும். மோட்டாரும் பஸ்ஸும் பெருகி வாடகைக் குதிரை வண்டிகள் ஓய்ந்துபோன சமயம் பார்த்து, ஜார்ஜ் டவுன் வண்டிக்காரர்களிடம் வயதான குதிரைகளை வண்டியோடு வந்த விலைக்கு வாங்கி, படகேற்றி அக்கரைக்குக் கொண்டுபோனார். அக்கரைத் துறையான பிறையில் இறங்கியபோது அவை 'அரேபிய ஜாதிக் குதிரைகள்' ஆகியிருந்தன. கடல் காற்று பட்டால் சில மாறுதல்கள் உண்டாகும்.

குதிரைகளோடு போனவர் வண்டிக்காரர் சீனி முகம்மது. புறா என்ற தம் வெள்ளைக் குதிரையை விற்ற கையோடு, அதைப் பிரிய மனமில்லாமல், பண்ணையிலேயே சம்பளத்துக்குச் சேர்ந்துகொண்டார். கொட்டகையை ஒட்டி ஒரு பலகை வீடு கிடைத்தது. மனைவி மஹ்பூபாவும் மகன் ஹபீப் முகம்மதும் கூட இருந்தார்கள். ஹபீப் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டுக் கிராணி, அதாவது குமாஸ்தா, வேலைக்கு அலைந்துகொண்டிருந்தான். ரப்பர் விலை படுத்துக்கிடந்த காலம். வேலையிலிருந்த கிராணிகளே அடுத்த மாதம் இருப்போமா என்று தெரியாமல் திரிந்தார்கள்.

இந்த இருட்டில்தான் எங்கள் விளம்பரம் வெளிவந்தது. கோடைக் குதிரைப் பண்ணைப் பயிற்சி. சொற்பக் கட்டணம். உணவு உண்டு. முத்திரையிட்ட நற்சான்றுப் பத்திரம் உண்டு. முதலிடம் பெறும் மாணவனுக்குப் பண்ணையில் 'நிரந்தர உத்தியோகம்' பரிசீலிக்கப்படும். 'பரிசீலிக்கப்படும்' என்ற சொல்லை நான்தான் சேர்த்தேன். அது இல்லாத விளம்பரம் மொட்டையாகத் தெரியும்.

சீனி முகம்மது முதல் ஆளாகக் கட்டணத்தோடு மகனைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"பத்திரம் குடுப்பீங்கல்ல ஐயா?"

"முத்திரையோடு."

"அது போதுங்க. இவனும் அத்தா என்னை மாதிரி ரோட்டுல நின்னு காயாம இருந்தா சரி."

பயிற்சி தொடங்கிய அன்று காலையில் ராவுத்தர் சீனி முகம்மதைக் கூப்பிட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன். அப்படிப்பட்ட கண்ணியமான பேச்சை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

"சீனி, பிள்ளைங்க கையால செஞ்சு பழகணும். எல்லாத்தையும் நீயே செஞ்சுட்டா அதுங்க எதைச் செய்யும்? கொஞ்ச நாளைக்கு ஒதுங்கிக்க."

"சம்பளம், மொதலாளி?"

"வேலை செய்யாம சம்பளம் வாங்க உனக்கு மனசு வருமா?"

சீனி முகம்மது மானஸ்தர். மனசு வரவில்லை. அன்றைக்கே பிறை படகுத் துறைக்குப் போய் மூட்டை தூக்க ஆரம்பித்தார். அவர் குடியிருந்த பலகை வீடு 'மாணவர் விடுதி' ஆயிற்று. மஹ்பூபா உறவுக்காரர் ஒருவரின் சமையல்கட்டுக்குக் குடிபோனார். ஹபீப் மட்டும் தான் வழக்கமாகப் படுக்கும் அதே மூலையில், அதே பாயில், இப்போது கட்டணம் கட்டிப் படுத்தான்.

"அத்தா எப்ப திரும்பி வரலாம்?" என்று என்னிடம் கேட்டான்.

"நீ முதலிடம் வாங்கு தம்பி. எல்லாம் சரியாப் போயிடும்" என்றேன். இளைஞர்களுக்கு ஊக்கம் கொடுப்பது சபையின் கொள்கை.

பையன் அதை அப்படியே நம்பினான். அவன் மாதிரி வேலை பழகியவனை நான் கண்டதில்லை. மழையில் புல் அறுத்தான், மழையில் சுமந்தான், மழையில் கொட்டகை கழுவினான். மற்ற மாணவர்கள் எல்லாரும் அப்படியில்லை. மருந்துக்கடைக்காரர் மகன் அர்ஜுனன் சீக்கிரமே ஒரு சந்தேகம் எழுப்பினான்.

"சார், குதிரை ஏற எப்ப கத்துக்குடுப்பீங்க? வந்ததுலேருந்து லத்திதான் அள்ளுறோம்."

தலைவரே பதில் சொன்னார். "குதிரையோட பின்பக்கம் தெரியாதவனுக்கு முன்பக்கம் விளங்காது தம்பி. சீமையிலயும் இப்படித்தான்."

அள்ளிய லத்தி சீனர்களின் காய்கறித் தோட்டங்களுக்கு வண்டி வண்டியாகப் போனது. அதில் வந்த வருமானம் பயிற்சியின் நோக்கமல்ல. அது தானாக வந்தது, தலைவர் தடுக்கவில்லை.

லீவு முடிகிற சமயத்தில் நிறைவு விழா வைத்தோம். துரை ஒருவர் தலைமை தாங்க ஒப்புக்கொண்டார். அவர் மனம் குளிர்ந்து மேலிடத்துக்கு ஒரு வார்த்தை எழுதினால், ராவுத்தருக்கு ஜே.பி. என்ற கௌரவ நீதவான் பட்டம் கிடைக்கும் என்று ஊரில் பேச்சு. பட்டத்துக்கும் பயிற்சிக்கும் சம்பந்தமில்லை. ஒன்று நடந்தால் இன்னொன்றும் நடக்கும், அவ்வளவுதான்.

நிகழ்ச்சி நிரலை நானே தயாரித்தேன். பழைய வாடகை வண்டிகளுக்கு வர்ணம் அடித்து, குதிரைகளைப் பூட்டி, மாணவர்கள் வரிசையாக மேடையைக் கடந்து போக வேண்டும். மேடைக்கு நேரே வந்ததும் வலது கையை உயர்த்திச் சலாம் வைக்க வேண்டும். புறாவைப் பூட்டிய முதல் வண்டி ஹபீபுக்கு. ஒத்திகையில் துரைக்குப் பதில் ஒரு நாற்காலியை வைத்து நடத்திப் பார்த்தோம். அப்பழுக்கில்லாமல் நடந்தது.

விழா அன்று மழைகூட விட்டிருந்தது. புறா தலையை ஆட்டிக்கொண்டு வந்தது. ஹபீப் கையை உயர்த்தினான். துரை மரியாதை தெரிந்தவர். எழுந்து நின்று, தாமும் கையை உயர்த்தினார்.

புறா நின்றுவிட்டது.

ஜார்ஜ் டவுனில் வண்டி ஏறிய யாருக்கும் இது விளங்கும். ரோட்டோரம் ஒருவர் கையைத் தூக்கினால் வாடகைக் குதிரை நிற்கும். ஆள் ஏறிப் பாரம் விழுந்தால்தான் நகரும். காலமெல்லாம் அது பிழைத்த பிழைப்பு அதுதான். ஒத்திகையில் இந்தச் சங்கடம் வரவில்லை. நாற்காலி பதில் சலாம் போடவில்லை.

பின்னால் வந்த வண்டிகளும் நின்றன. ராவுத்தர் மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்தார்.

"ஏன்லா நிக்குது? ஓட்டு தம்பி."

"துரை கையைத் தூக்கிட்டாரு மொதலாளி. ஏறாம நகராது."

"யாரு ஏறாம?"

"கையைத் தூக்கினவரு."

தலைவர் என்னைப் பார்த்தார். நான் நிதானம் இழக்காமல் துரையிடம் போய், பிரதம விருந்தினர் வண்டியில் பாதம் வைத்து ஆசீர்வதிக்கும்வரை குதிரை அவரைக் கடந்து போகாது, இது எங்கள் தொன்மையான மரபு என்று ஆங்கிலத்தில் விளக்கினேன். துரைக்கு ஒரே ஆனந்தம். அந்த மரபைப் பற்றி ஏற்கெனவே ஏதோ புத்தகத்தில் படித்திருப்பதாகவும் சொன்னார்.

ஏறினார். புறா உடனே கிளம்பியது. மேடையைத் தாண்டி, பந்தலைத் தாண்டி, வாசலைத் தாண்டி ரோட்டுக்கே போய்விட்டது. நான் பின்படியில் தொற்றிக்கொண்டேன். காரியதரிசியின் பாரத்தைப் புறா ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ராவுத்தர் துரைக்கு இன்னும் போடாத மாலையோடு பின்னால் ஓடிவந்தார். முன்னோர் ரத்தம் அவரிடம் வேலை செய்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ரோட்டில் துரையைக் கண்டவர்கள் சும்மா இருப்பார்களா? அவித்த கடலை விற்கும் ஜெயலெட்சுமி கூடையை இடுப்பில் வைத்தபடி ஒரு சலாம் போட்டாள். புறா நின்றது.

"அக்கா, ஏறுங்கக்கா" என்றான் ஹபீப்.

"உள்ள துரை இருக்காருலா. நான் ஏறலாமா தம்பி?"

"நீங்க ஏறாட்டி துரை வீடு போய்ச் சேர முடியாதுக்கா."

ஏறினாள். கொஞ்ச தூரம் போனதும் சேவலோடு வந்த ஒரு மலாய்க்கார ஹாஜியார் கையைத் தூக்கினார். அப்புறம் லத்தி வாங்கக் கூடையோடு வந்துகொண்டிருந்த சீனத் தோட்டக்காரர். எல்லாரையும் அடைத்துக்கொண்டு வண்டி பண்ணைக்குத் திரும்பியபோது, துரையின் மடியில் சேவல் இருந்தது. வாயில் கடலை இருந்தது. ஜெயலெட்சுமி தன் பல்வலியைப் பற்றி அவரிடம் தமிழில் முறையிட்டுக்கொண்டிருந்தாள். அவரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

விழாவில் துரை பேசியதை அப்படியே தருகிறேன்: "இவ்வளவு கீழ்ப்படிதலுள்ள குதிரைகளை நான் கண்டதில்லை. கையை உயர்த்தியதும் நின்றன. இதுவல்லவா பயிற்சி." எல்லாரும் கைதட்டினோம். ஹபீபுக்கு முதலிடம். பத்திரத்தைத் துரையே கொடுத்தார்.

கூட்டம் கலைந்ததும் ஹபீப் தலைவரிடம் வந்தான். உடம்பெல்லாம் சேறு. பத்திரத்தை மட்டும் சேறு படாமல் பிடித்திருந்தான்.

"மொதலாளி, வேலைன்னு போட்டிருந்தீங்க."

"பரிசீலிக்கலாம் தம்பி."

"எனக்கு வேணாம் மொதலாளி. அத்தாவோட வேலையைத் திருப்பிக் குடுத்துடுங்க, போதும். அவருக்கு மூட்டை தூக்கி முதுகு போச்சு. அம்மா அடுத்தவங்க வீட்டு அடுப்படியில படுக்குறாங்க."

ராவுத்தர் அவன் தோளில் கை வைத்தார். குரல் தழுதழுத்தது. "உங்க அத்தாவுக்கு நான் குடுத்துடலாம், அது ஒண்ணும் சுசா இல்ல, சுலபந்தான். ஆனா அந்த வேலையை அவருக்குக் குடுத்துட்டா, அடுத்த கோடைக்கு வர்ற ஏழைப் பிள்ளைங்க எதைக் கத்துக்கும்? அதை யோசிச்சுப் பார்த்தியா?"

ஹபீப் அதை யோசித்துப் பார்க்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. இந்தக் காலத்து வாலிபர்களுக்குப் பொதுநல நோக்கு குறைவு. போய்ப் புறாவை அவிழ்த்துக் கட்டி, தண்ணீர் காட்டிவிட்டு, கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு பாயைச் சுருட்டிக்கொண்டு புறப்பட்டான். விடுதியை அடுத்த அணிக்குக் காலி செய்ய வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு சபை ஓய்ந்திருக்கவில்லை. பள்ளிக்கூட லீவு வரும் ஏப்ரலையும் ஆகஸ்டையும் கோடையாக்கினோம். நடுவில் இடைவெளி விழுந்தபோது, பள்ளி முடித்து வேலையில்லாமல் இருப்பவர்களுக்கு எல்லா மாதமும் கோடைதான் என்று ஒரு துணைத் தீர்மானம் கொண்டுவந்தோம். பண்ணையில் இன்று சம்பளக்காரர் ஒருவர்கூட இல்லை. தலைவருக்கு ஜே.பி. பட்டம் வந்தது. புதுக் காரும் வந்தது.

சென்ற வாரம் இரண்டாம் ஆண்டுத் தொடக்க விழாவுக்காக இருவரும் அந்தக் காரில் பண்ணைக்குப் போய்க்கொண்டிருந்தோம். வாழ்த்துப் பத்திரம் என் மடியில். பிறையை விட்டுக் கொஞ்ச தூரம் வந்ததும் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க ஒரு கூரைகூட இல்லாத இடம். ரோட்டோரத்தில் சீனி முகம்மது குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்; முதுகை நிமிர்த்த முடியவில்லை போலும். பக்கத்தில் ஹபீப். தலைக்கு ஒன்றுமில்லை, இடுப்பில் நற்சான்றுப் பத்திரம் போல எதையோ எண்ணெய்த் துணியில் சுற்றிச் செருகியிருந்தான். கார் யாருடையது என்று தெரிந்ததும் கையைத் தூக்கினான். விழாவில் நாங்கள் சொல்லிக்கொடுத்த மாதிரியே, நேராக, விறைப்பாக.

தலைவர் பார்த்தார். முன்னால் குனிந்து டிரைவரிடம், "ஓரத்துல சேறு இருக்கு. நிறுத்தாம போ" என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "ஜே.பி.ங்கிறதைப் பேருக்கு முன்னாடி போடணுமா, பின்னாடியா?" என்று கேட்டார்.

"பின்னாடிங்க" என்றேன். பின்னால் திரும்பிப் பார்த்தேன். கை இன்னும் இறங்கவில்லை.

அன்று விழாவில் நான் வாசித்த ஆண்டறிக்கையில் ஒரே ஒரு குறையை மறைக்காமல் குறிப்பிட்டேன். எவ்வளவோ பயிற்சி கொடுத்தும் புறா தேறவில்லை. வழியில் யாராவது கையைத் தூக்கினால் இன்னும் நின்றுவிடுகிறது. ஏற்றிக்கொள்ளாமல் நகர மாட்டேன் என்கிறது. கிழட்டுக் குதிரை, இனித் திருந்தாது. ஜனாப் ராவுத்தர் ஜே.பி. அவர்களுக்கு அந்தக் கெட்ட பழக்கம் பிறவியிலேயே இல்லை.