தொட்டிக்குள் ஒரு கை

தொட்டி வைத்தியர் என்றோர் இனம் உண்டு, கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பட்டம் கிடையாது, பலகை கிடையாது. வலது சட்டைக் கை முழங்கைக்கு மேல் மடித்திருக்கும். விரல் நுனிகள் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருக்கும். உங்களோடு பேசிக்கொண்டிருக்கும்போதே கண் மட்டும் கூடத்து மூலையிலுள்ள கண்ணாடித் தொட்டிக்கு ஓடும். அவரைத் தேடி அலைய வேண்டாம். அடியேன்தான்.

வெளியூரில் வேலை கிடைத்துப் போன என் மகள், தன் கடல்நீர்த் தொட்டியையும் அதிலிருந்த மென்பவளம் என்ற கடல் உயிரியையும் என்னிடம் ஒப்படைத்தாள். பார்வைக்கு விரிந்த காளான் மாதிரி இருக்கும். குடையின் மேல் நூற்றுக்கணக்கான குட்டி விரல்கள் நீரோட்டத்தில் ஆடும். நான்கு வருடம் அவள் வளர்த்தது. "அடுத்த மாசம் வர்றேன்ப்பா, அதுவரைக்கும் பத்திரம்" என்று சொல்லிப் போனாள். எட்டாம் நாள் விரல்கள் எல்லாம் உள்ளே போய், குடை சுருங்கி, மேலே மெழுகு பூசியதுபோல் ஒரு படலம் படர்ந்தது. எனக்குப் பகீரென்றது.

வைத்தியத்தில் இறங்கினேன். வெளிச்சம் அதிகமோ என்று கீழே இறக்கினேன், போதாதோ என்று மேலே ஏற்றினேன், நீரோட்டம் பிடிக்கவில்லையோ என்று இடப்பக்கம் வைத்தேன், தனிமை வாட்டுகிறதோ என்று மீன்கள் மேயும் வலப்பக்கம் வைத்தேன், உப்பை அளந்தேன், சூட்டை அளந்தேன், இணையத்தில் ஒருவர் சொன்னாரென்று சொட்டு மருந்து விட்டேன், இன்னொருவர் ஐயையோ என்றதும் பாதித் தண்ணீரை மாற்றினேன். ஒரே வாரத்தில் பதினான்கு இடம்! வாடகை வீட்டில் காலம் தள்ளிய நானே ஆயுளில் இத்தனை முறை குடிபெயர்ந்ததில்லை. பவளம் தலையைத் தொங்கப் போட்டது.

வண்ண மீன் கடைக்காரரிடம் படத்தைக் காட்டினேன்.

"தோலுரிக்குது சார். அப்பப்போ இப்படித்தான் பண்ணும். சும்மா விட்டீங்கன்னா தானா விரியும்."

சும்மா விடுவதா? முப்பது வருடம் குடும்பம் நடத்தியவனைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? விஷயம் தெரியாத ஆள் என்று முடிவு கட்டி, அடுத்த கடைக்கு நடந்தேன்.

இதற்கிடையே மகளுக்குத் தினம் மூன்று முறை போன் செய்தேன்.

"சாப்பிட்டியாம்மா?"

"இப்பதானேப்பா கேட்டீங்க? பவளம் எப்படி இருக்கு?"

"அதுக்கென்ன, ஜம்முன்னு இருக்கு."

பொய்தான். என்னை நம்பி அவள் விட்டுப்போன உயிர் என் கையிலேயே போய்விடுமோ என்று நிஜமாகவே பயந்தேன்.

பயந்தவன் சும்மா இருந்தேனா? பதினைந்தாம் முறை இடம் மாற்றும்போது பவளம் ஒட்டியிருந்த பாறை வலது உள்ளங்கையைக் கிழித்தது. மூன்று தையல். "பத்து நாளைக்குத் தண்ணி படவே கூடாது" என்றார் டாக்டர். அதனாலென்ன, இடக் கை இருக்கிறதே என்று சட்டையை மடித்தேன். என் மனைவி தொட்டியருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "தொட்டுப் பாருங்க, அந்தக் கைக்கும் நானே கட்டுப் போட்டு விடுறேன்."

தையல் போட்ட ஐந்தாம் நாள் படலம் உரிந்து மிதந்தது. எட்டாம் நாள் ஒரே ஒரு விரல் எட்டிப் பார்த்தது. பத்தாம் நாள் மகள் வந்து இறங்கியபோது, குடை முழுக்க விரிந்து விரல்களெல்லாம் ஆடிக்கொண்டிருந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"முன்னைவிடப் பெருசாயிருக்கே! என்ன வைத்தியம் பண்ணீங்க?"

"உங்கப்பாவுக்குக் கட்டுப் போட்டோம்" என்றாள் மனைவி.

சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டில்தான் தொட்டியே இல்லையே, தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் நேற்று ஊன்றிய விதையை இன்று தோண்டிப் பார்த்தது யார்? வேலைக்குப் போன பிள்ளையிடம் சாப்பிட்டாயா என்று இன்று எத்தனை முறை கேட்டீர்கள்? எனக்கு நாளை தையல் பிரிக்கிறார்கள். என் மனைவி இப்போதே நாற்காலியைத் தொட்டியருகே போட்டுவிட்டாள். உங்கள் சட்டைக் கையையும் எதற்கும் ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள். மடித்திருக்கப் போகிறது.