தரையை உதைக்க முடியாத மிருகம்

அநியாயத்துக்கு ஆளானவள் செலிஃபா. செய்தவன் அவள் புருஷன் லுஃபேயோ. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை தலைநகர் லிலோங்வேக்கு பஸ் ஏற வேண்டும். "போகாதே" என்று முகம் பார்த்துச் சொல்ல அந்த வீட்டோடு மாப்பிள்ளைக்குத் துணிச்சல் இல்லை. சொன்னால் "ஏன்?" என்பாள். படித்துவிட்டு வந்தால் தன்னை மதிக்கமாட்டாளோ என்ற பயத்தை வாய்விட்டுச் சொல்லும் முதிர்ச்சி நாற்பதிலும் வராவிட்டால் எப்போதுதான் வரும்? சனிக்கிழமை அவளுடைய தகரப் பெட்டியை ஓங்கி ஓர் உதை விட்டான். பெட்டி அப்படியே இருந்தது. வலது கட்டைவிரல் நகம்தான் பெயர்ந்தது.

மஞ்சள் மீன் அச்சடித்த தன் இடுப்புத்துணியில் ஒரு துண்டு கிழித்துக் கட்டுப்போட்டவளும் அவள்தான்.

"பெட்டி என்னங்க பண்ணுச்சு?"

"தடுக்கிருச்சு."

"செவுத்தோரம் கெடந்த பெட்டி நடந்து வந்து தடுக்குச்சாக்கும்!"

ஞாயிற்றுக்கிழமை ஊரில் இறந்தவர்களுக்கான நினைவுச் சடங்கு. முகமூடி மிருகங்கள் வரும் நாள். முகமூடி போட்டவன் அன்று மனிதனே இல்லை. அவன் பெயரை ஒரு பெண் சொல்லிவிட்டால் கோழி கோழியாக அபராதம் கட்டவேண்டும்.

கொம்பும் கழுதைப்புலிப் பல்லுமாக ஒரு மிருகம் செலிஃபாவின் முற்றத்துக்குள் பாய்ந்தது. பெண்கள் சிதறினார்கள். பயணத்துக்காக வெளியே எடுத்து வைத்திருந்த தகரப் பெட்டியின் மேல் அது ஏறி நின்றது.

"போகக்கூடாதுங்குது, செலிஃபா," என்றார் ஊர்த்தலைவரான அவள் தாய்மாமா கம்வேண்டோ.

மிருகத்தை மீறிப் போனால் ஊரில் ஒருவரும் முகம் கொடுக்கமாட்டார்கள். செலிஃபா மண்டியிட்டு, கைதட்டி, முறைப்படி தலை குனிந்தாள். சேறு பூசிய காலில் ஒரு மஞ்சள் மீன் எட்டிப் பார்த்தது.

பெயரைக் கத்தியிருக்கலாம். கத்தினால் பேச்சு அபராதத்துக்குத் திரும்பிவிடும், அவன் தப்பிவிடுவான். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"பெரியவங்களே, என் வீட்டுக்காரர் தங்கமானவர். ஆனா உள்ளுக்குள்ள ஒரு பூதம் வளக்குறார். நான் புத்தகத்தைத் தொட்டா அது நறநறங்குது. நீங்க இம்மாம் பெரிய மிருகம். ஒரு பொம்பளை நாலெழுத்து படிச்சா நீங்க சுருங்கியா போயிருவீங்க?"

கதவுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். கொம்பு லேசாகச் சாய்ந்தது.

"அப்ப நான் போகலாமா? கூடாதுன்னா, வழக்கப்படி கீழ எறங்கி, வலது காலால மூணு தடவை தரையை உதைச்சுருங்க."

"நியாயம்தான். உதைச்சாத்தான் தடை," என்றார் மாமா.

முரசு நின்றது. மிருகம் இறங்கியது. வலது கால் உயர்ந்தது.

தொம்!

"அய்யோ அம்மா!"

"ஒண்ணு," என்றார் மாமா.

கால் மறுபடி உயர்ந்தது. காற்றில் நடுங்கியது. பிறகு, முட்டை மேல் வைப்பதுபோல் மெல்ல, மிக மெல்லத் தரையில் இறங்கியது.

"தடை இல்லை!" என்று அறிவித்தார் மாமா.

பொழுது சாயும் நேரத்தில் குளித்துவிட்டு நொண்டியபடி வந்தான் லுஃபேயோ.

"மாட்டுச்சந்தைக்குப் போயிருந்தேன். மிருகம் வந்துச்சாமே? என்ன சொல்லுச்சு?"

செலிஃபா அவன் காலை மடியில் எடுத்து வைத்துச் சேறு படிந்த கட்டை அவிழ்த்தாள்.

"நாளைக்கு பஸ் வரைக்கும் பெட்டியை உங்க தலையில ஏத்திவிடச் சொல்லுச்சு."

"பொய்! மிருகம் எங்கயாச்சும் பேசுமா?"

"பேசாதுதாங்க. ஆனா பாவம், அம்மாவைக் கூப்பிடுது."