அரைத்துரை போட்ட பெரட்டு

மலைநாட்டில் வெள்ளைக்காரர் எல்லோரும் துரைதான். ஆனால் வாசலில் நின்று டிக்கெட் கிழித்துக்கொண்டே, "வாங்க ஆத்தா, படி வழுக்கும், பாத்து" என்று சொன்ன துரை உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் கடைவீதியில் இருந்தார். தோட்டம் கிடையாது, பங்களா கிடையாது, ஒருவரைத் திட்டக்கூடத் தெரியாது. இப்படிப்பட்ட ஆளை முழுத் துரையாக ஏற்றுக்கொள்ள சனங்களுக்கு மனம் வரவில்லை. அரைத்துரை என்று பேர் வைத்துவிட்டார்கள். சொந்தப் பேரைச் சொல்லிப் பார்த்தவர்களுக்கு நாக்கு சுளுக்கிக்கொண்டது.

அவரும் அவருடைய அண்ணனும் கிரேக்க நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். ஹட்டனிலிருந்து திம்புள்ளைப் பக்கம் போகிற வழியில், எங்கள் சின்னக் கடைவீதியில் தகரக் கொட்டகை போட்டுப் படம் காட்டினார்கள். அண்ணன் சீக்கிரமே கொழும்புக்குப் போய்விட்டார். தம்பிக்கு இந்தக் குளிரும் எங்கள் சனங்களும் பிடித்துப்போய்விட்டன. நான் அப்போது எதிரிலிருந்த புடவைக் கடையில் வேலை பார்த்தேன். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று சுவரொட்டி எழுத என்னைப் பிடித்துக்கொண்டார்.

அவர் படம் ஓட்டுகிற முறையே தனி. பகல் காட்சிக்கு நேரம் என்று ஒன்று கிடையாது. மலை உச்சியில், தோட்டத்தின் மேற்கணக்குப் பிரிவில், லயத்து வீட்டு வரிசைகளில் இருக்கும் ஆட்கள் இறங்கி வரும்வரை படம் தொடங்காது. முன்வரிசை கூச்சல் போட்டால், "அவங்க மட்டும் பாதியிலேர்ந்து பாக்கணுமா? ஒங்க வீட்டு ஆளுன்னா இப்படிக் கத்துவீங்களா?" என்று கோபித்துக்கொள்வார். படத்தில் தாயார் சாகிற கட்டம் வந்தால் இயந்திரத்தை நிறுத்தி விளக்கைப் போட்டுவிடுவார்.

"நல்லா அழுதுக்கங்க. முடிச்சிட்டுச் சொல்லுங்க, ஓட்டுறேன்."

கொழுந்து பறிக்கிற மூதாட்டி காளியம்மாவில் தொடங்கிக் கொட்டகை முழுவதும் மூக்கைச் சிந்தி முடித்து, "ஆச்சு தொரை, ஓட்டுங்க" என்று சொல்லும். அதுவரை அந்தத் தாயார் பாதி உயிரோடு காத்துக்கொண்டிருப்பாள்.

ஒரு ஆனி மாதக் காற்று கொட்டகைக் கூரையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்துத் தோட்டத்துத் தேயிலை மேல் போட்டது. நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை. கொழும்பிலிருந்து அண்ணன் ஓடி வந்தார். உரக் கிடங்கு வைக்க ஒரு வியாபாரி இடம் கேட்கிறான், கொடுத்துவிடலாம், இனிமேல் இந்தக் கூரைக்குக் கீழே ஒருவனும் உட்கார மாட்டான் என்றார். தம்பி கெஞ்சிக் கூத்தாடி ஒரு தவணை வாங்கினார். பழுது பார்த்துத் திறக்கிற அன்று கொட்டகை நிறைய வேண்டும். நிறையாவிட்டால் விற்றுவிட்டுக் கொழும்புக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அன்றிலிருந்து அரைத்துரை தச்சர், கொத்தனார், கொல்லர் எல்லாம் ஆனார். பழைய தேயிலைப் பெட்டிப் பலகைகளை வாங்கிப் பெஞ்சுகளுக்குச் சாய்மானம் அடித்தார். பலகைகளில் வெவ்வேறு தோட்டத்து முத்திரைகள் அப்படியே இருந்தன. புதுக்கூரையைக் கம்பியால் இழுத்து இரண்டு பாறைகளில் கட்டினார். "ஆட்டைக் கட்டுற மாதிரி கொட்டகையக் கட்டிப்புட்டாரு" என்று சனங்கள் சிரித்தார்கள். ஆனால் பயம் போகவில்லை. அதைப் போக்க, ஒரு நாள் கொட்டுகிற மழையில் கூரை மேல் ஏறி உட்கார்ந்து, குடை பிடித்துக்கொண்டு தேநீர் குடித்தார்.

"பாருங்க! நானும் இருக்கேன், கூரையும் இருக்கு!"

கூரையை யாரும் பார்க்கவே இல்லை. தொரைக்குப் புத்தி பிசகிவிட்டது என்று முடிவு கட்டிப் போய்விட்டார்கள்.

திறப்பு விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை. அனைவருக்கும் இலவசம் என்று சுவரெல்லாம் எழுதி ஒட்டினேன். தோட்டத்தில் காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரிக்க ஆள் கூட்டுவதற்கு, தப்படிக்கிற மாயாண்டியை அழைத்து, லயம் லயமாகப் போய்த் தப்படித்துச் செய்தி சொல்லச் சொன்னார் அரைத்துரை. நேரம் போனது. கொட்டகையில் நானும் கடைவீதி ஆட்கள் நாலைந்து பேரும் இருந்தோம். எப்போது ஒழுகுமோ என்று தொப்பியைக் கழற்றாமல் முன்பெஞ்சில் அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

திடீரென்று மாயாண்டி தலைதெறிக்க ஓடி வந்தான்.

"தொரை, காப்பாத்துங்க! கை பழக்கத்துல பெரட்டுத் தப்பை அடிச்சிருச்சு. தோட்டமே தொரத்திக்கிட்டு வருது!"

கொழுந்து மிஞ்சிப் போனால் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குக் கூப்பிடுவது வழக்கம். அடி காதில் விழுந்ததும், துவைத்த துணியைப் பாதியில் போட்டுவிட்டுக் கூடையும் கம்பளியுமாகப் பெரட்டுக் களத்துக்கு ஓடியிருக்கிறார்கள். அங்கே ஈ, காக்கை இல்லை. இப்போது வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை முன்னால், சனம் பின்னால்.

"யாருய்யா அது, ஞாயித்துக்கெழமை பெரட்டு வச்சது?" என்று கணக்கப்பிள்ளை கத்தினார்.

அரைத்துரை சட்டென்று வாசல் பெஞ்சின் மேல் ஏறினார். "நான்தாங்க! யாரும் கலையக் கூடாது. வரிசையா நில்லுங்க, வேல பிரிக்கிறேன். காளியம்மா ஆத்தா, ஒங்களுக்கு அழுகுற வேல. இளவட்டம் எல்லாம் விசிலடிக்கிற வேல. கணக்கப்பிள்ளை ஐயா, நீங்க சிரிக்கிற வேல. ஒங்களுக்குத்தான் கஷ்டம்! ஒழுங்காச் செஞ்சா எல்லாருக்கும் முழுப் பேரு!"

நாள் வேலையை நிறைவாக முடித்தால் தோட்டத்தில் முழுப் பேர், அதாவது முழு நாள் கூலி. கொழுந்து குறைந்தால் அரைப் பேர். முதலில் சிரித்தவர் கணக்கப்பிள்ளைதான். அதற்குப் பிறகு யாரைத் தடுக்க முடியும்? கூடைகள் வாசலில் குவிந்தன. உள்ளே ஒவ்வொருவரும் தன் தோட்டத்து முத்திரை உள்ள பலகையில்தான் சாய்வேன் என்று அடம்பிடித்ததில் சின்னக் கைகலப்பும் நடந்தது.

படம் பாதியில் இருக்கும்போது மழையோடு காற்று கிளம்பியது. கூரை கிடுகிடுத்தது. தலைகள் மேலே திரும்பின. அரைத்துரை இயந்திரத்தை நிறுத்தி விளக்கைப் போட்டார்.

"நல்லாப் பாத்துக்கங்க. முடிச்சிட்டுச் சொல்லுங்க, ஓட்டுறேன்."

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். கூரை முனகியது, ஆனால் இருந்தது. "கூரை கெடக்கட்டும் தொரை, படத்துல அந்தப் புள்ள கதி என்னாச்சு? ஓட்டுங்க!" என்றார் காளியம்மா. ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. அண்ணன் சுற்றிலும் பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். உரக் கிடங்குப் பேச்சு அத்தோடு முடிந்தது.

படம் விட்டதும் அரைத்துரை வழக்கம்போல் வாசலில் நின்றார். காளியம்மா கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, அவர் முன்னால் கணக்கப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றார்.

"தொரை, இன்னைக்கி ஒங்களுக்கும் முழுப் பேருங்க."

படம் முழுக்க அழாத மனிதர் அப்போது அழுதார். நாங்கள் அவசரப்படுத்தவில்லை. அவர் அழுது முடிக்கும்வரை மழையில் நின்றோம்.